சொந்தமும் வாடகையும்



ஒரு வீட்டிலே இருவகைப் பொருள்கள் இருத்தல் கூடும். ஒன்று வீட்டாருக்கே உரியது. மற்றையது இரவலாகவோ வாடகைக்கோ வந்தது. இரண்டையும் ஒரே பெட்டகத்தில் வைத்துப் பூட்டினால், நாளடைவில் எது எவருடையது என்பதே மறந்துபோகும். தொலைக்காட்சியோடு இணைக்கப்படும் சிறு பெட்டிகளிலும் இந்நிலையே நேர்ந்துள்ளது.

2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க நாட்டு அப்பிள் நிறுவனம் ‘அப்பிள் ரீவி’ என்னும் பெட்டியை விற்பனைக்கு விட்டது. அதனுள் 40 ஜிகாபைற் கொள்ளளவுள்ள வன்தட்டு ஒன்று இருந்தது. வீட்டுக் கணினியிலே சேர்த்து வைத்த பாட்டுக்கள், புகைப்படங்கள், குடும்பத்தார் தாமே பிடித்த படங்கள் ஆகியவற்றை அதிலே பிரதி செய்துகொள்ளலாம். அந்நாளில் அப்பெட்டி பெரும்பாலும் வீட்டாரின் சொந்தச் சேகரத்துக்கே ஒரு சாளரமாக அமைந்தது.

2008ஆம் ஆண்டிலே திரைப்படங்களை வாடகைக்குக் கொடுக்கும் முறை அதிற் சேர்ந்தது. வாடகை செலுத்தியவர் 30 நாட்களுக்குள் படத்தைப் பார்க்கத் தொடங்கல் வேண்டும். தொடங்கிவிட்டால், அமெரிக்காவில் அன்றிருந்த விதிப்படி, 24 மணித்தியாலத்துள் பார்த்து முடித்தல் வேண்டும். தவணை கடந்ததும் அப்படம் பயன்படாது போய்விடும். அதன் பூட்டும் திறப்பும் விற்பவர் கையிலேயே இருந்தன.

2010இல் வெளிவந்த இரண்டாவது பெட்டியின் விலை 99 டொலர். அதில் வன்தட்டு இல்லை; யாவும் இணையத்தின் வழியாகவோ வீட்டுக் கணினியிலிருந்தோ அவ்வப்போது வந்து சேர்ந்தன. திரையிலே ‘திரைப்படங்கள்’ என்னும் தலைப்பு கடைக்கே உரியதாயிற்று. வீட்டாரின் சொந்தச் சேகரமோ ‘கணினிகள்’ என்னும் தலைப்பின் கீழ் ஒதுங்கியது. கணினியை நிறுத்திவிட்டால் அதனிடத்துள்ள சேகரம் தோன்றாது. கடை எந்நேரமும் திறந்திருக்க, சொந்த அறையின் கதவு அடைபட்டுக் கிடந்தது! 2015இல் வந்த பெட்டியிலே, அவ்வறையும் பல சிறு சதுரங்களுள் ஒரு சதுரமாகச் சுருங்கிற்று.

இவ்விரண்டுக்கும் இடையே விலைக்கு வாங்கிய படம் என்று மூன்றாவது வகையும் உண்டு. அது வாடகைப் படத்தினும் நெடுநாள் நிற்பது. ஆயினும் அதுவும் விற்பவரின் அனுமதிக்கு உட்பட்டதே. தானே பிடித்த படம் மாத்திரமே முற்றிலும் வீட்டாருக்கு உரியது.

வாடகைப் படம் மறைந்தால் மீண்டும் சிறு தொகை கொடுத்துப் பெறலாம். ஆனால், காலஞ்சென்ற பாட்டனார் பேரப்பிள்ளையைத் தூக்கிச் சிரித்த காட்சி அழிந்தால், அதை விற்பதற்கு உலகில் எந்தக் கடையும் இல்லை. திரையிலோ இரண்டும் ஒரே அளவுச் சதுரங்களாய்த் தோன்றுகின்றன. ‘இரவற் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்னும் பழமொழி இங்கே நினைவுகூரத் தக்கது.

ஆகவே, இத்தகைய பெட்டியை வைத்திருப்போர் செய்யத்தக்கது யாதெனில், சொந்தப் படங்களைப் பெட்டியை நம்பி விட்டுவிடாது, வேறு இரண்டு இடங்களிலேனும் பிரதி செய்து, ஆண்டும் பெயரும் குறித்து வைத்தலாம். வாடகைக்கு வந்தது தவணையிற் போகட்டும்; வீட்டுக்குரியது வீட்டிலேயே நிலைக்கட்டும்.