உறைகுளிரும் சத்திரசிகிச்சையும்



முல்லைத்தீவுக் கரையிலே மீன்பெட்டிகளில் நொறுக்கிய ஐஸ்கட்டியை அடுக்குவோரை நாம் கண்டிருக்கிறோம். ஐஸ்கட்டியுடன் உப்பைக் கலந்தால் குளிர் மிகும் என்பதையும் நம்மிற் பலர் அறிவர். உப்புச் சேர்ந்த ஐஸ் விரைந்து உருகுகின்றது. உருகும்பொழுது சுற்றிலுமுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கின்றது. அவ்வளவே அதன் இரகசியம். இந்த எளிய உண்மையை வைத்தியத்துக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ஆர்னொட் என்னும் ஆங்கில வைத்தியர். அவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், உப்பும் நொறுக்கிய பனிக்கட்டியும் சேர்ந்த கலவையினால் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 செல்சியஸ் பாகை குளிரை உண்டாக்கிப் புற்றுக்கட்டிகளின் நோவைத் தணித்தார். 1851இல் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியில் தமது கருவியையும் வைத்தார்.

ஆர்னொட்டின் குளிர் உடலின் மேற்பரப்போடு நின்றது. மூளைக்குள்ளும் இதயத்துக்குள்ளும் அதனைச் செலுத்துவதற்கு இன்னும் நூறாண்டு செல்லவேண்டியிருந்தது. 1961இல் நியூயோர்க் நகரத்து நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் இர்விங் கூப்பர், ஆர்னல்ட் லீ என்னும் பொறியியலாளரோடு சேர்ந்து ஒரு மெல்லிய குழாய்க் கருவியை அமைத்தார். அதனுள்ளே திரவ நைதரசன் ஓடியது. திரவ நைதரசன் பூச்சியத்துக்குக் கீழே 196 பாகையிற் கொதிப்பது. மண்பானையின் நீர் ஆவியாகும்போது பானை குளிர்வதுபோல, இத்திரவம் ஆவியாகும்போது குழாயின் நுனி உறைகுளிர் அடைகின்றது. குழாயின் ஏனைய பகுதியைச் சுற்றி வெற்றிடம் அமைத்திருந்தமையால், நுனி மட்டும் குளிர்ந்தது. போகும் வழியிலுள்ள மூளைப் பகுதி தப்பியது.

அக்கருவியின் பெருமை குளிரில் மட்டும் இல்லை. கைநடுக்க நோயாளர் விழித்திருக்கும்போதே கூப்பர் முதலில் இலேசாகக் குளிரூட்டுவார். நடுக்கம் நின்றதா, பேச்சோ கைகால் வலிமையோ கெட்டதா என்று பார்ப்பார். தீங்கு தோன்றினால் குளிரை நிறுத்துவார். அந்த இடம் வெப்பமடைந்து பழைய நிலைக்குத் திரும்பும். நன்மை தோன்றினால் மாத்திரமே முற்றாக உறையவைப்பார். கத்தியால் வெட்டியபின் மீள முடியாது. தீயாற் சுட்டபின்னும் மீள முடியாது. அறுதியான செயலுக்கு முன்னர் ஒத்திகை பார்க்க இடந்தருவது குளிர்.

இதே குணம் இதயத்திலும் பயன்படுகின்றது. இதயத்தின் மேலறைகளில் மின் அலைகள் ஒழுங்குதவறிச் சுழலும்போது நாடி தாறுமாறாக ஓடும். அறைக்குள் இரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குச் சென்று பாரிசவாதத்தை உண்டாக்கவும் கூடும். இரணைமடுக் குளத்து நீர் வயலெங்கும் சிதறிப் பாயாதபடி கமக்காரர் வரம்பு கட்டி ஒரே வழியில் விடுகிறார்கள் அல்லவா? அவ்வாறே மின் அலைக்கு வரம்பு கட்டினார் ஜேம்ஸ் கொக்ஸ் என்னும் அமெரிக்க நிபுணர். 1987இல் அவர் இதயத்தின் மேலறைச் சுவரை வெட்டித் தைத்து அவ்வரம்புகளை ஆக்கினார். நீண்ட நேரம் எடுக்கும் கடினமான வேலை அது. பிற்காலத்தில் வெட்டுக்களிற் பலவற்றின் இடத்தை உறைகுளிர்க் கோடுகள் பெற்றன. உறைந்த தசையின் உயிரணுக்கள் இறக்கின்றன. ஆனால் அதனைத் தாங்கும் நார்ச்சட்டம் பெரும்பாலும் குலையாது நிற்கின்றது. சுவர் உறுதியாயிருக்க, மின் அலை மட்டும் தடைப்படுகின்றது.

இங்கேதான் கருவி செய்வோரின் சிக்கல் தொடங்குகின்றது. இதயம் தட்டையான பலகை அன்று. ஆளுக்கு ஆள் வளைவு வேறு. விறைத்த கம்பி அதன் சுவரோடு முழுமையாக ஒட்டாது; ஒட்டாத இடத்தில் வரம்பு உடைந்துபோகும். ஆகவே நிபுணர் தம் கையாலேயே வேண்டியவாறு வளைத்துக்கொள்ளக்கூடிய நுனிகள் உருவாயின. அழுத்தி அடைத்த நைதரசு ஒட்சைட்டு வாயு மிகச் சிறிய துளைவழியே நுனிக்குள் விரிகின்றது. அழுத்தத்திலிருந்து விடுபட்டு விரியும் வாயு குளிரும் என்பதை யூலும் தொம்சனும் 1850களிற் கண்டறிந்தார்கள். கம்பி வளையவேண்டும், ஆனால் உள்ளேயிருக்கும் வாயுவழி நெரிபடக்கூடாது. நுனி உறையவேண்டும், பிடி உறையக்கூடாது. அழுத்தத்தைத் தாங்கவேண்டும், மெல்லியதாயும் இருக்கவேண்டும். ஒன்றோடொன்று முரணும் இத்தேவைகளை இணக்குவதே கருவியமைப்பின் கலை.

நெஞ்சைத் திறவாமலே செய்யும் முறையும் உண்டு. நுரையீரலிலிருந்து வரும் நாளங்களின் வாயிலிருந்தே பெரும்பாலான ஒழுங்கற்ற அலைகள் கிளம்புகின்றன என்று 1998இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர்கள் காட்டினர். அவ்வாய் வட்டமானது. எனவே தொடை நாளத்தின் வழியே ஒரு சிறு பலூனைச் செலுத்தி, அங்கே விரித்து, உள்ளிருந்து குளிரூட்டினால் ஒரே முறையில் வளையமாக உறைகின்றது. 2016இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று, இம்முறை வெப்பத்தாற் சுடும் முறைக்குத் தாழ்ந்ததன்று எனக் கண்டது. எனினும் அருகே செல்லும் பிரிமென்றகட்டு நரம்பு உறைந்துவிடாதபடி மிகுந்த விழிப்பு வேண்டும்.

நரம்பைப் பற்றிய மற்றொரு செய்தி வன்னி மக்களாகிய நமக்கு நெருக்கமானது. வெளிநரம்பு ஒன்றைத் தகுந்த அளவில் உறையவைத்தால் அதன் உள்ளிழைகள் அழியும். அவற்றைச் சூழ்ந்த உறை எஞ்சும். பின்னர் அவ்வுறையின் வழியே இழைகள் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றராக மீண்டும் வளரும். அதுவரை, வாரக்கணக்காகவோ மாதக்கணக்காகவோ, நோவு அடங்கியிருக்கும். 1976இல் இங்கிலாந்தில் ஜோன் லொயிட் என்பாரும் அவர்தம் துணைவரும் இதனை நோவு தணிக்கும் முறையாக அறிவித்தார்கள். நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்குப் பின் விலா நரம்புகளுக்கு இன்று இது பயன்படுகின்றது.

2009இல் முடிந்த யுத்தத்திலும் கண்ணிவெடியிலும் கால் இழந்தோர் நம் ஊர்களில் எத்தனையோ பேர். இல்லாத காலில் நோவு எரிகிறதென்று அவர்கள் சொல்வது கற்பனை அன்று; அது மெய்யான நோய். அதற்கும் இக்குளிர் மருந்தாகுமா? அமெரிக்காவில் பல வைத்தியசாலைகளிற் செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, நெடுநாளாக நிலைத்துவிட்ட அந்நோவுக்குக் குளிர்ச்சிகிச்சை போலிச்சிகிச்சையிலும் மேலான பயனைத் தரவில்லை என்றே கண்டது. கசப்பான முடிவுதான். ஆயினும் அதனை மறைக்காமற் சொல்வதே நோயாளிக்குச் செய்யும் மரியாதை. புதுமையின் பெயரால் பொய்நம்பிக்கை விற்போரிடம் நம்மவர் பணத்தை இழக்கக்கூடாது.

உறைகுளிர் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. மாடுகளுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கான விந்து திரவ நைதரசனிலேதான் காக்கப்படுகின்றது. மணல் ஈயின் கடியாற் பரவும் லீஷ்மேனியா என்னும் தோற்புண்ணுக்கும் இந்நாட்டு வைத்தியசாலைகளில் திரவ நைதரசன் பயன்படுகின்றது. ஆனால் இதயத்துக்கான நுண்கருவிகள் விலை மிக்கவை. முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல்.

அயலிலே ஓர் உதாரணம் இருக்கிறது. இறக்குமதி செய்த இதய வால்வின் விலை ஏழைக்கு எட்டாமையால், திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வைத்தியர் வலியத்தானும் பொறியியலாளரும் தாமே வால்வு செய்ய முனைந்தனர். முந்திய மாதிரிகள் தோற்றன. அவர்கள் ஓயவில்லை, 1990இல் வென்ற மாதிரி ஒரு நோயாளியின் இதயத்தில் பொருத்தப்பட்டது. வெறுங்காலுடன் வயலில் நடக்கவும் குந்தியிருக்கவும் ஏற்ற ஜெய்ப்பூர்க் காலும், ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேத்தி என்னும் வைத்தியரும் சேர்ந்து உண்டாக்கியதே. வைத்தியரின் அறிவும் தொழிலாளியின் கையும் ஒன்றுகூடினால், பாவிப்பவரின் வாழ்க்கைக்கு ஏற்ற கருவி பிறக்கும்.

நம் பாடசாலைகளில் பௌதிகம் படிக்கும் பிள்ளை பட்டறையை இழிவாக நினைக்கலாகாது. பட்டறையில் உழைக்கும் பிள்ளைக்குப் பௌதிகத்தின் கதவை அடைக்கவும் கூடாது. ஆசிரியர்களாகிய எங்கள் கடமை அது. பெற்றோரின் கடமையும் ஒன்றுண்டு. பிள்ளைக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தால் அசட்டை செய்யாது வைத்தியரிடம் காட்டுங்கள். கவனியாது விட்ட ஒருவகைத் தொண்டைநோய் வாதக்காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுப்பதுண்டு. அது கெட்டால், பின்னாளில் இதயத்தின் ஒழுங்கும் கெடலாம். பெரியவர்களுக்கு நாடி ஒழுங்கின்றித் துடித்தால் அதையும் பொறுத்துக்கொண்டிராதீர்கள். நுண்கருவிகள் நம் மருத்துவமனைகளுக்கு வரும் காலம் வரட்டும். இந்த இரண்டு காரியங்களுக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.