தமக்கையார் பெயரால் ஒரு தண்ணீர்த் தொட்டி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்களும் பேராசிரியர்களும் முழங்கிய மேடை இது. பத்தாம் வகுப்பைத் தாண்டாத இரயில்வே எழுத்தர் ஒருவரை இம்மேடையில் ஏற்றியது செயலாளர் அவர்களின் துணிவேயன்றி எம் தகுதியன்று. இலக்கியம் பேச யாம் அறியோம். கணக்குப் பேச ஓரளவு அறிவோம். ஆதலின் இன்று ஒரு கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறோம். அது இறந்தவர்க்கும் இருப்பவர்க்கும் இடையிலான கணக்கு.

சர்ச்கேட்டில் இறங்கி வேலைக்குச் செல்லும் நம்மவர் பலர் எஸ்.என்.டி.டி. என்னும் எழுத்துகளைப் பலகையில் நாள்தோறும் கண்டிருப்பர். நம் பெண் மக்கள் சிலர் அங்கே பயின்று பட்டமும் பெற்றிருக்கின்றனர். அவ்வெழுத்துகள் ஒரு தாயின் பெயர் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? ஸ்ரீமதி நாதிபாய் தாமோதர் தாக்கர்சி என்பது அம்மையாரின் முழுப்பெயர். அவர்தம் மகன் சர் விட்டல்தாஸ் தாக்கர்சி இந்நகரின் ஆலை முதலாளிகளுள் ஒருவர். அவர் 1920ஆம் ஆண்டு தம் அன்னையார் நினைவாக 15 இலட்சம் ரூபாயை மகளிர் பல்கலைக்கழகத்துக்கு வழங்க ஒப்பினார்.

அப்பல்கலைக்கழகம் விட்டல்தாஸ் தோற்றுவித்ததன்று. தோண்டோ கேசவ கார்வே என்னும் கணிதப் பேராசிரியர் 1896இல் பூனாவிலே கைம்பெண்களுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். 1900இல் அதனை ஊருக்கு வெளியே இங்கணே என்னும் சிற்றூருக்கு மாற்றினார். அங்கே இருந்தது ஒரு குடிசை. பகலெல்லாம் பெர்கூசன் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு, மாலையில் இங்கணே வரை கால்நடையாகச் சென்று பெண்களுக்குக் கற்பித்தார். அந்தக் குடிசையின் வழித்தோன்றலாக 1916இல் மகளிர் பல்கலைக்கழகம் எழுந்தது. நான்கு ஆண்டுகள் கழித்தே விட்டல்தாஸின் கொடை வந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒரு பணிக்கு எண்ணெய் வார்த்ததே அவர் செய்தது. இதனை யாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு, பின்னர்ச் சொல்வோம்.

எழுத்தர் கண்ணுக்குப் புலப்படும் செய்தி மற்றொன்றும் அதில் உண்டு. பதினைந்து இலட்சத்தையும் அவர் ஒரே நாளில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடவில்லை. நூற்றுக்கு மூன்றரை வீதம் அதன் வட்டி ஆண்டுக்கு 52,500 ரூபாய் பல்கலைக்கழகத்துக்குச் சேருமாறு ஏற்பாடு செய்தார். இரண்டே ஆண்டுகளில், 1922இல், அவர் மறைந்துவிட்டார். வட்டி மறையவில்லை. அவர்தம் துணைவியார் பிரேமலீலா தாக்கர்சி அப்பல்கலைக்கழகத்தைப் பின்னாளில் துணைவேந்தராக இருந்து நடத்தினார்.

அதே பிரேமலீலா அம்மையார் கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளைக்கும் தலைமை தாங்கினார் என்பது எண்ணத் தக்கது. கஸ்தூரிபா அம்மையார் 1944 பிப்ரவரி 22ஆம் நாள் பூனா ஆகாகான் அரண்மனையில், சிறைக்காவலில் இருந்தவாறே உயிர் நீத்தார். காந்தியடிகளின் 75ஆம் பிறந்த நாளுக்குள் 75 இலட்சம் திரட்டுவதென நாடு எண்ணியது; ஒரு கோடிக்கு மேல் திரண்டது. அவ்வளவு பெருந்தொகைக்குப் பளிங்கு மண்டபமே கட்டியிருக்கலாம். அடிகளோ அப்பணம் சிற்றூர்களில் வாழும் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே செல்ல வேண்டும் என்றார். தமிழ்நாட்டில் அப்பணிக்குப் பொறுப்பேற்றவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார். தொழிலதிபர் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகளாகப் பிறந்து, இளமையிலேயே கணவரை இழந்து, அதன் பின்னர் மருத்துவம் பயின்றவர் அவர். 1947இல் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டியில் காந்திகிராமம் தோன்றியது அவராலும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனாலுமே.

"இவரெல்லாம் செல்வர், தலைவர், நாம் மாதச் சம்பளக்காரர்" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது எம் செவியில் விழுகிறது. நன்று. நம்மைப் போன்ற எழுத்தர் ஒருவரைக் காட்டுகிறோம்.

மதுரைக்கு அருகே கொடிக்குளம் என்பது ஓர் ஊர். ஆயி என்ற பூரணம் அம்மையார் கனரா வங்கியில் எழுத்தராகப் பணிபுரிபவர். கணவரை இழந்தவர். ஒரே மகள் ஜனனியையும் இழந்தார். 2024 ஜனவரியில் அவ்வம்மையார் தமக்குரிய 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைக் கொடிக்குளம் அரசு நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக உயர்வதற்கென எழுதிக் கொடுத்தார். நிலத்தின் மதிப்பு ஏறத்தாழ 7 கோடி ரூபாய் என்று நாளிதழ்கள் எழுதின. அம்மையார் வேண்டியது மகளின் பெயர் பள்ளியில் விளங்க வேண்டும் என்பது ஒன்றே. அவ்வாண்டுக் குடியரசு நாளில் தமிழக முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது வழங்கினார். விருதோடு நின்றுவிடாமல் மேலும் 91 சென்ட் நிலத்தையும் அவர் கொடுத்தார். இச்செய்தியை எம் அலுவலகத்தில் தேநீர் வேளையில் படித்தோம். படித்தபோது எம் குடும்பத்தில் நடந்த ஒன்றை எண்ணி நாணினோம். அதைச் சொல்லவே இம்மேடைக்கு வந்தோம்.

எம் தமக்கையார் நெல்லைச் சீமையில் எம் ஊர்ப் பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். திருமணமாகித் தாராவிக்கு வந்தார். பத்து வயதுச் சிறுவராகிய எம்மையும் உடன் அழைத்து வந்தார். அந்நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்டலி அவிப்பார். அத்தான் அதைச் சுமந்து சென்று மாதுங்காத் தெருக்களில் விற்று வருவார். நான்கு மணிக்குப் பொதுக்குழாயில் தண்ணீர் வரும். வரிசையில் குடம் வைக்க யாம் எழுந்தால், "ஏலே, நீ படி. தண்ணி நான் பிடிச்சுக்கிடுதேன்" என்று படுக்கைக்கு விரட்டுவார். எம் பத்தாம் வகுப்புத் தேர்வுக் கட்டணம் அந்த இட்டலிக் காசு. இன்று எம் சட்டைப்பையில் இருக்கும் இரயில்வே அடையாள அட்டையும் அந்த இட்டலிக் காசே.

2022ஆம் ஆண்டு ஆடி மாதம் அவர் மறைந்தார். முதலாண்டு நினைவுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று உடன்பிறந்தோரும் அவர்தம் மக்களும் கூடி 1,80,000 ரூபாய் சேர்த்தோம். அவர் படித்த பள்ளியின் வாயிலில் வளைவு ஒன்று கட்டி, அதன் நெற்றியில் அவர் பெயரைப் பொறிப்பதென முடிவு செய்தோம். கொத்தனாரிடம் படமும் வரைந்து வாங்கினோம். இருபுறமும் தாமரை, நடுவே குத்துவிளக்கு. படத்தோடு தலைமையாசிரியையிடம் சென்றோம்.

அம்மையார் படத்தைப் பொறுமையாகப் பார்த்தார். "அழகாக இருக்கிறது" என்றார். பின்னர் எம்மைப் பள்ளியின் பின்புறம் அழைத்துச் சென்றார். கழிப்பறைகள் இருந்தன; தண்ணீர் இல்லை. ஆழ்குழாயில் உப்பு நீர் ஏறி, மோட்டார் பழுதாகிக் கிடந்தது. பிள்ளைகள் காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போதே தண்ணீர் குடிப்பதில்லை என்றார். மாலை வீடு திரும்பும் வரை குடிப்பதில்லை. மாதத்தில் சில நாட்கள் சில பிள்ளைகள் பள்ளிக்கு வருவதே இல்லை. "வளைவு இல்லாவிட்டாலும் பிள்ளைகள் உள்ளே வருவார்கள், ஐயா" என்று மட்டும் சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். எமக்குச் சினமே வந்தது. இரயில் பெட்டியில் தண்ணீர் இல்லை என்று பயணிகள் எழுதும் முறையீடுகளை ஆண்டுக்கணக்காகக் கோப்பில் கோத்து வருபவர் யாம். தண்ணீரில்லாக் கழிப்பறை இன்னதென எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் வீடு திரும்பி என்ன பேசினோம்? "செத்துப் போன அக்காவின் பெயரைக் கக்கூசில் எழுதுவதா? ஊர் சிரிக்காதா?" என்று அண்ணன் கேட்டார். எம் வாயும் அதையே சொல்லிற்று. உறவினர் பலர் வளைவின் பக்கமே நின்றனர். இரவு பத்து மணி வரை வாக்குவாதம்.

எண்பது வயதான எம் அன்னையார் அதுவரை திண்ணையில் வாளாவிருந்தார். எட்டாம் வகுப்போடு தமக்கையார் நின்றது வறுமையால் என்றே யாங்கள் அந்நாள் வரை எண்ணியிருந்தோம். அன்னையார் சொன்னார்: "அவ பெரிய மனுஷி ஆன பொறவு அந்தப் பள்ளிக்கூடத்துல ஒதுங்க ஒரு எடமில்ல. ஒடைமரக் காட்டுக்குத்தான் போவணும். ஒரு நா அழுதுக்கிட்டே வந்தா. மறுநா நாந்தான் போவேண்டாம்னுட்டேன்."

அதன் பின்னர் வளைவைப் பற்றி எவரும் பேசவில்லை.

ஊராட்சிக் குழாயிலிருந்து நன்னீர் இணைப்பு, 2,000 லிட்டர் தொட்டி, புது மோட்டார், கதவுகளுக்குத் தாழ்ப்பாள், குப்பைக்கு மூடியுள்ள கூடை என்று பணம் முழுதும் சரியாய்ச் செலவாயிற்று. மோட்டார் அறைக் கதவில் ஒரு சாண் தகரத்தில் தமக்கையார் பெயரை எழுதினோம். ஊர் சிரிக்கவில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் யாம் இங்கு வந்து உங்கள் நேரத்தைக் கவர்ந்திருக்க மாட்டோம். எட்டுத் திங்கள் கழித்து விடுமுறையில் சென்று பார்த்தால் கழிப்பறைகள் பூட்டிக் கிடந்தன! தொட்டியில் தண்ணீர் இருந்தது. துப்புரவு செய்து வந்த அம்மாள் வேலையை விட்டு நின்றுவிட்டார். அவருக்கு வந்த ஊதியம் சிறிது, அதுவும் காலந்தாழ்ந்து வந்தது. நாற்றம் தாங்காமல் பூட்டிவிட்டார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறையும் குடிநீரும் பள்ளிகளில் இருந்தாக வேண்டும் என்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. சட்டத்துக்கு அறை கட்டத் தெரிகிறது. நாள்தோறும் அதைக் கழுவுவதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குத் திங்கள்தோறும் முதல் தேதியில் கூலி வேண்டும்.

அன்று இரவு திரும்பும் வண்டியில் எமக்கு விட்டல்தாஸின் 52,500 நினைவுக்கு வந்தது. யாம் கொடுத்தது முதல். அவர் கொடுத்தது வட்டி. முதல் ஒரு முறை செலவாகித் தீர்ந்துவிட்டது; பூட்டும் விழுந்துவிட்டது.

இப்பொழுது எம் குடும்பத்தார் திங்களுக்கு 4,000 ரூபாய் முறை வைத்து அனுப்பி வருகிறோம். பள்ளி மேலாண்மைக் குழு அந்த அம்மாளையே மீண்டும் அமர்த்தியுள்ளது. பூட்டு திறந்துவிட்டது. ஆயினும் எம் அண்ணனுக்கு அடுத்த ஆண்டு ஓய்வு. தங்கை மகனுக்கு நிலையான வேலை இல்லை. முறை தவறும் நாள் ஒன்று வரும். அன்று மீண்டும் பூட்டு விழும். ஆகவே வேண்டுவது ஒரு வைப்பு நிதி. எட்டு இலட்சம் ரூபாயை ஆறு விழுக்காடு வட்டிக்கு வங்கியில் இட்டால் ஆண்டுக்கு 48,000. திங்களுக்குச் சரியாக 4,000. எம் குடும்பத்தின் பங்காக ஒரு இலட்சத்தை ஒதுக்கி வைத்திருக்கிறோம். எஞ்சியது ஏழு. தாராவி, மாதுங்கா, செம்பூர் மூன்றிலுமாக நம் சங்கத்தில் இருநூறு குடும்பங்கள் உண்டெனக் கொண்டால், குடும்பத்துக்குத் திங்கள் 100 ரூபாய் வீதம் 35 திங்களில் ஏழு இலட்சம் சேரும். நூறு ரூபாய்க்கு இன்று செம்பூரில் இருவர் சிற்றுண்டி உண்ண முடியாது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

"உன் அக்காவுக்கு நாங்கள் ஏன் தர வேண்டும்?" என்று கேட்பது முறையான கேள்வி. இந்நிதி எம் தமக்கையார் பெயரில் இராது. பணம் தருவோர் ஒவ்வொருவரும் தாம் இழந்த ஒருவரின் பெயரைச் சங்கப் பதிவேட்டில் எழுதட்டும். தாயோ, தங்கையோ, குழந்தையிலேயே போய்விட்ட மகளோ, எவராயினும் சரி. இருநூறு பெயர்களும் ஒரே ஏட்டில் இருக்கும். எம் ஊர்ப் பள்ளிக்கு ஏற்பாடு ஆன பின், இரண்டாவது பள்ளி எது என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். நம்முள் பலருக்கும் அப்பக்கத்திலேயே சொந்த ஊர் இருக்கிறது. அவரவர் ஊருக்குச் செல்லும்போது அவ்வூர்ப் பெண்கள் பள்ளிக்கு ஒரு நடை சென்று, தலைமையாசிரியையிடம் என்ன வேண்டும் என்று கேட்டுக் குறித்து வாருங்கள். கையில் படம் எதுவும் கொண்டு போகாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பணி எதற்கு எண்ணெய் குறைகிறது என்பதை அங்கிருப்பவரே அறிவர் என்று முன்னர்க் குறிப்பிட்டது இதனால்தான். வெளியூரில் வாழ்வோர் அரசுப் பள்ளிகளுக்கு உதவுவதற்கெனத் தமிழக அரசு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல், நம்ம ஊர்ப் பள்ளி' என்றொரு திட்டத்தைத் தொடங்கிற்று. அவ்வழியும் நமக்குத் திறந்தே இருக்கிறது.

பொருளாளர் அவர்களிடம் ரசீதுப் புத்தகம் ஒன்றும், கோடிட்ட பெரிய பதிவேடு ஒன்றும் கொடுத்திருக்கிறோம். பதிவேட்டின் முதல் வரியை வெறுமையாக விட்டிருக்கிறோம். எம் தமக்கையார் எந்த வரிசையிலும் முதலில் நின்று பழகியவர் அல்லர். குழாயடியில் கூடப் பிள்ளைக்காரிகளை முன்னே விட்டுவிட்டே தம் குடத்தை வைப்பார். அவர் பெயர் இரண்டாம் வரியில் இருக்கிறது. முதல் வரியில் எழுத விரும்புவோர், விழா முடிந்ததும் வாயிலருகே உள்ள மேசைக்கு வரலாம்.