காசின் முகமும் கிடைத்த இடமும்



ரோமானியக் காசை அடையாளம் காண்பது, பழகியவர்களுக்குப் பெரிய வித்தையன்று. கொங்கு நாட்டில் மிகுதியாகக் கிடைத்த பேரரசன் டைபீரியஸின் வெள்ளிக்காசையே பாருங்கள். நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவான எடை. முன்புறம் வாகைமாலை சூடி வலப்பக்கம் பார்க்கும் தலை. அதைச் சுற்றி, தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் மகன் இவன் என்று அறிவிக்கும் சுருக்கெழுத்துகள். பின்புறம் செங்கோலும் இலைக்கிளையும் ஏந்தி அமர்ந்த பெண்ணுருவம். இருபுறமும் பேரரசனின் தலைமைக் குருப் பட்டமான 'பான்டிஃப் மாக்சிம்'. எழுத்து பாதி தேய்ந்திருந்தாலும் அந்தப் பெண்ணின் இருக்கையைக் கொண்டே பேரரசனின் பெயரைச் சொல்லிவிடலாம். அச்சிட்டவன் யார் என்பதைக் காசே சொல்லும். அது எந்த மண்ணில், எந்தக் காசுகளோடு கிடந்தது என்பதை எடுத்தவர்தான் சொல்ல வேண்டும். தமிழக வரலாற்றுக்கு இந்த இரண்டாவது செய்தியே பெரிது என்பது என் வாதம்.

ராபர்ட் சீவெல் 1904இல் இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளைத் தொகுத்தெழுதினார். அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள் குவிந்திருக்க, நீரோவுக்குப் பிந்தியவை அருகியிருப்பதைக் கண்டு, நீரோவோடு வணிகமும் தளர்ந்தது என்று முடிவு கட்டினார். பார்த்தால் நேரான கணக்குதான். ஆனால் காசு பிறந்த ஆண்டையும் கப்பலேறிய ஆண்டையும் அது ஒன்றாக்கிவிடுகிறது. கி.பி. 64 வாக்கில் நீரோ, ஒரு ராத்தல் வெள்ளிக்கு 84 ஆக இருந்த காசை 96 ஆக்கினான். வெள்ளியின் மாற்றையும் குறைத்தான். உள்நாட்டில் பழைய காசும் புதிய காசும் ஒரே மதிப்புக்குத்தான் செல்லும். எடையும் மாற்றும் பார்த்து வாங்கும் ஊரிலோ பழைய காசுக்கே கூடுதல் விலை. அப்படியிருக்க, எந்த வணிகன் புதிய காசைத் தேடி மூட்டை கட்டுவான்? டைபீரியஸின் முகத்தோடு கொங்கு நாட்டு வெள்ளலூரில் கிடந்த ஒரு காசு, அவன் இறந்து ஒரு தலைமுறை கழிந்தபின்கூட இங்கு வந்திருக்கலாம்.

'இருக்கலாம் என்பது சான்றாகுமா?' என்று கேட்பீர்கள். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் வெளிப்பட்ட புதையலில் 501 பொற்காசுகள். அகஸ்டஸில் தொடங்கி, கி.பி. 69இல் அரியணை ஏறிய வெஸ்பாசியன் வரை நீள்கின்றன, வெஸ்பாசியனுடையவை சிலவே. அந்தச் சில இருப்பதால்தான், புதையல் மண்ணுக்குள் போனது நீரோவுக்குப் பின் என்று அறுதியிட்டுச் சொல்ல முடிகிறது. யாரேனும் அவற்றை மட்டும் பொறுக்கி விற்றிருந்தால், மிச்சமெல்லாம் சேர்ந்து சீவெலுக்கே சாட்சி சொல்லியிருக்கும். இன்னொன்று: பெரும்பாலான காசுகளில் பேரரசனின் தலைமேல் உளிவெட்டு இருக்கிறது. சந்தைக்கு இது சேதம், விலை குறையும். எனக்கோ, ரோமானியப் பேரரசில் அச்சான பொன்மேல் பின்னால் வாங்கிய கை பதித்த குறிப்பு அதுதான். உள்ளே செம்பா என்று சோதிக்க விளிம்பில் ஒரு கீறல் போதும். முகத்தையே குறுக்கே வெட்டியது, இது இனிக் காசாகச் செல்லாது, வெறும் பொன் என்று அறிவிப்பதற்காகவே என்று கொள்வது பொருத்தமாகப் படுகிறது. புதையலை ஒன்றாக வைத்துப் பார்த்ததால்தான் வெட்டு தற்செயலல்ல, வழக்கம் என்று தெரிந்தது. தனிக்காசாக இருந்தால் அதை யாரோ ஒருவரின் கைக்குறும்பு என்றுதான் நினைத்திருப்போம்.

காசு குறைந்தால் வணிகமும் குறைந்ததாகத்தானே பொருள் என்பது அடுத்த மறுப்பு. எகிப்திலிருந்து கிடைத்து இன்று வியன்னாவில் இருக்கும் முசிறி ஒப்பந்தத் தாள் இதற்கு விடை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, ஹெர்மபொல்லோன் என்ற ஒரே கப்பலின் சரக்குக்கு ஏறத்தாழ 70 லட்சம் ரோமானியச் செஸ்டர்ஸ் மதிப்புப் போடுகிறது. நீரோ இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் மிளகுக் கப்பல் தளர்ந்துவிடவில்லை.

கடைசி மறுப்பு சேகரிப்பாளர்களுடையது: இடம் தெரியாவிட்டாலும் காசைக் காப்பாற்றுகிறோமே என்பது. அதில் நியாயமும் உண்டு. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் கிடைத்த நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக்காசுகளை அவர்கள் காப்பாற்றியிராவிட்டால் அவை பாத்திரக்கடை உலைக்குத்தான் போயிருக்கும். இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் அவற்றை நூலாக வெளியிட்டார். கரூர், மதுரை, திருக்கோவிலூர் என்று இடம் பிரித்துத் தந்ததே அந்நூலின் பலம்.   ஆனால் விற்பவர் இடம் சொல்வதில்லையே, என்ன செய்ய என்கிறார்கள் சேகரிப்பாளர்கள். இதே வகைச் செப்புக்காசுகள் ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் ஏராளமாகக் கிடைத்து மலிவாக விற்பனையாகின்றன. அங்கிருந்து வந்த ஒன்று அமராவதிக் காசு என்ற பெயரோடு இங்கே கைமாறினால், காசைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே உறுதியில்லாத காசின் உறையில் 'கரூர்' என்று எழுதாதீர்கள். 'இடம் தெரியவில்லை' என்று எழுதுங்கள், வாங்கிய கடையையும் நாளையும் அதன் கீழே குறித்துவையுங்கள்.