மால்ட் பார்லியும் நம்ம டெல்டா வயலும்



"சம்பா அறுத்த வயல்ல பார்லி போட்டா பீர் கம்பெனிக்காரங்க வாங்கிக்குவாங்களாமே?" என்று ஒரத்தநாடு பக்கம் சிலர் கேட்கிறார்கள். விதைக்குப் பணம் கொடுக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

மால்ட் என்பது வேறொன்றுமில்லை. விதை நெல்லை ஊறப்போட்டு மூட்டம் போடுகிறோமே, ஏறக்குறைய அந்த வேலைதான். பார்லியை ஊறவைத்து, நாலைந்து நாள் முளைக்கவிட்டு, சூட்டில் உலர்த்தி முளையை நிறுத்திவிடுகிறார்கள். முளைக்கும்போது உண்டாகும் நொதிகள்தான் பிறகு மாவைச் சர்க்கரையாக்குகின்றன. ஆகவே நூறு மணிக்கு 95-க்குக் குறையாமல் முளைக்க வேண்டும். புரதம் 9 முதல் 11 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். மிஞ்சினால் மாவுச்சத்து குறையும், பீரும் கலங்கும். யூரியாவை அள்ளிப் போட்டால் புரதம் ஏறிவிடும். நம்ம ஆட்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமான பாடம்தான்!

ஹரியானாவில் உள்ள கர்னால் ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே டி.டபிள்யு.ஆர்.யு.பி. 52 போன்ற இருவரிசைக் கதிர் ரகங்களைக் கொடுத்திருக்கிறது. ராஜஸ்தானில் நவம்பரில் விதைத்து, மார்ச், ஏப்ரலில் அறுக்கிறார்கள். அங்கே குளிர் நீண்டு நிற்கும். நமக்கோ மாசி பிறந்தாலே வெயில். பால் பிடிக்கிற சமயம் சூடு தாக்கினால் மணி சுருங்கிப்போகும். சுருங்கிய மணியை மால்ட்டுக்கு எடுக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, களிமண்ணில் தண்ணீர் நின்றால் பார்லி தாங்காது.

அந்த வயலுக்கு உளுந்துதான் சரி. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னே, ஈரம் இருக்கும்போதே ஆடுதுறை 3 உளுந்தை ஏக்கருக்கு 10, 12 கிலோ தெளியுங்கள். மால்ட்தான் வேண்டும் என்றால் கேழ்வரகு இருக்கிறது. முளைகட்டி, உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து அரைத்தால் அதுவும் மால்ட்தான். பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சலாம்.