கவாத்தில் பிழைக்கும் தொட்டி மரம்



காற்றில் கவிழ்ந்து கிளை முறிந்த தொட்டி மரத்தை, இனி தேறாது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. உலர்ந்து பழுப்பாக இருந்தால், பச்சை தெரியும் இடம்வரை கீழே இறங்கி அங்கே வெட்ட வேண்டும்.

கவாத்தின் அருமை தெரிய வேண்டுமானால் கொல்லிமலையின் வாழவந்தி நாட்டுக்கு வாருங்கள். அங்கே செம்மேட்டைச் சுற்றி, சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே காப்பி வளர்கிறது. வயதாகிக் காய்ப்பு ஓய்ந்த அரபிகா செடிக்கு ஒரு வைத்தியம் உண்டு. அறுவடை முடிந்து மழைக்கு முன், தரையிலிருந்து ஓரடி விட்டுத் தண்டைச் சாய்வாக அறுத்துவிடுவார்கள். வெட்டுவாயில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை பூசுவார்கள். பார்க்கிறவருக்கு மனம் பதறும். ஆனால் கட்டையைச் சுற்றித் துளிர்கள் கூட்டமாகக் கிளம்பும். நுனியில் சுரக்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கிதான் அதுவரை கீழ்மொட்டுகளை அடக்கி வைத்திருந்தது. நுனி போனதும் அவை விழித்துக்கொள்கின்றன. அவற்றில் வலுவான ஒன்றிரண்டை நிறுத்தி மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். அறுப்பதற்குக் கைப்பலம் போதும். எதை நிறுத்துவது என்பதில்தான் கலை இருக்கிறது.

தொட்டியில் இதே வேலைக்கு இன்னும் நிதானம் வேண்டும். வேர் சிறியது, சேமிப்பும் குறைவு. இலையெல்லாம் உதிர்ந்து நலிந்த மரத்தை ஒரே நாளில் மொட்டையடித்தால் அது தாங்காது. பட்டதை மட்டும் முதலில் நீக்கி, நிழலில் வைத்து, மண் காயக் காய அளவாகத் தண்ணீர் விடுங்கள். புதுத்துளிர் நன்றாக விரியும்வரை உரம் வேண்டாம். உருவம் திருத்துவது அதற்குப் பிறகு.

மரத்தின் குணமும் தெரிய வேண்டும். ஆல், அரசு, இச்சி போன்ற பால்மரங்கள் முதிர்ந்த கட்டையிலும் துளிர்க்கும். பைன் அப்படியில்லை, ஊசியே இல்லாத பழைய கிளையில் பெரும்பாலும் துளிர்க்காது. அதில் பச்சை கொஞ்சமாவது விட்டுத்தான் வெட்ட வேண்டும்.

ஜப்பானியப் போன்சாயில் பட்ட கிளையைப் பட்டையுரித்து, வெளுத்த கட்டையாக நிறுத்தும் முறை உண்டு, ஜின் என்பார்கள். வைரம் பாய்ந்த மரத்துக்கு அது பேரழகு. நம் ஆலுக்கும் அத்திக்கும் அதை நான் ஏற்கமாட்டேன். மென்மரம் மழையில் மக்கி, அழுகல் உள்ளே இறங்கிவிடும். பழைய உருவத்தையே மீட்கப் பிடிவாதம் பிடிப்பதும் வேண்டாம். முறிந்த இடத்துக்குக் கீழே எந்தத் துளிர் வலுவாக இருக்கிறதோ, அதையே புதிய தலைக்கிளையாக வளர விடுங்கள்.

ஆடி 17, 18-இல் மன்னன் வல்வில் ஓரியின் பெயரிலான விழாவையொட்டிக் கொல்லிமலையில் மலர்க்கண்காட்சி நடக்கும். போனால் பூக்களோடு தொட்டி மரங்களின் வெட்டுத் தழும்புகளையும் பாருங்கள். சுற்றிலும் பட்டை வளையமாக உருண்டு காயத்தை மூடிவந்தால் நல்ல கை வெட்டியது. குச்சி நீட்டிக்கொண்டு கறுத்திருந்தால், கணுவை விட்டு மிகத் தள்ளி வெட்டியிருக்கிறார்கள்.