மூச்சுக்கும் வழக்குண்டு

அயலவர் மாடு நம் வயலிற் புகுந்தால் வழக்குண்டு. குழந்தையின் நெஞ்சிற் புகை புகுந்தால் வழக்கில்லையா?

இலண்டன் மாநகரில், வாகனங்கள் ஓயாத தென் சுற்றுவீதியருகே வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி 2013ஆம் ஆண்டு ஆஸ்துமாவால் மாண்டாள். 2014இல் நடந்த மரண விசாரணை நோயை மட்டுமே காரணங் காட்டிற்று. தாய் ஓயவில்லை. 2019இல் உயர் நீதிமன்றம் அம்முடிவை இரத்துச் செய்தது. 2020 டிசெம்பரில் முடிந்த மறுவிசாரணை, மாசுற்ற காற்றும் அம்மரணத்துக்குக் காரணமென்றது. அம்மாசின் முதன்மை ஊற்று வாகனப் புகையே என்றது. நைதரசனீரொட்சைட்டைச் சட்ட வரம்புக்குள் அடக்கத் தவறியதையும் எடுத்துரைத்தது.

சட்டத்தில் வரம்பு இருந்தது, குழந்தை பிழைக்கவில்லை. காவலில்லா வயலுக்கு வரம்பிருந்து பயனென்ன? சட்டத்துக்குக் காவல் மக்களின் கேள்வியே. அத்தாய் தனித்து நின்று கேட்டாள். நாம் திரண்டு கேட்போம்!