மனிதவளம் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு
(கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

எம்.பி.ஏ. சேர ஆலோசனை கேட்டு வரும் பிள்ளைகளிடம் எந்தப் பிரிவு என்று கேட்டால், பலரும் "ஹெச்.ஆர்." என்கிறார்கள். ஏன் என்றால், "அதில் கணக்கு இல்லையே" என்கிறார்கள். பெற்றோரோ, ஏசி அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று நம்புகிறார்கள். கல்விக் கடன் வாங்குவதற்கு முன்பு இந்த இரண்டு நம்பிக்கைகளையும் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம்.

கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வருங்கால வைப்பு நிதிக்குத் தொழிலாளியிடம் 12 சதவீதம், நிர்வாகம் 12 சதவீதம். இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி 0.75, நிர்வாகம் 3.25. ஓவர்டைம் என்றால் இரட்டிப்பு ஊதியம். போனஸ் குறைந்தது 8.33 சதவீதம். பணிக்கொடைக்கு, வேலை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். இதில் ஒன்று தவறினாலும் ஒரு குடும்பத்தின் பணம் குறையும். கணக்குக்குப் பயந்து வருபவருக்கு இது ஏற்ற இடமல்ல.

அடுத்து ஏசி அறை. நாம் இருப்பது அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பக்கத்தில். இந்தப் பக்கம் பாடி, அந்தப் பக்கம் ஆவடி டாங்க் தொழிற்சாலை, பூந்தமல்லியைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். இங்கே மனிதவள அதிகாரி என்பவர் ஷிப்டு மாறும் நேரத்தில் கேட்டருகே நிற்க வேண்டியவர். கேன்டீன் சாப்பாடு சரியில்லை என்றாலும், பிரஸ் மிஷினில் விரல் போனாலும், ஒப்பந்தக்காரர் சம்பளம் தராமல் இழுத்தடித்தாலும் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். எம்.பி.ஏ.வில் முதலாண்டு எல்லோருக்கும் பொதுவான பாடங்களில் போய்விடும். இரண்டாமாண்டில்தான் மனிதவளம் வரும். அதிலும் பல கல்லூரிகளில் தொழிலாளர் சட்டத்துக்கு ஒரே ஒரு தாள்தான். சேருவதற்கு முன்பு பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இன்னொரு வழி நம் வாசலிலேயே இருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியவில்லை. அம்பத்தூர் மங்களபுரத்தில் அரசு ஐ.டி.ஐ. அருகே தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இயங்குகிறது. மாநிலத் தொழிலாளர் துறையின் நிறுவனம். பி.ஏ., எம்.ஏ. தொழிலாளர் மேலாண்மை சென்னைப் பல்கலைக்கழக இணைப்புடன் நடக்கின்றன. வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை நேரத்தில் தொழிலாளர் நிர்வாக முதுநிலைப் பட்டயமும், வார இறுதியில் தொழிலாளர் சட்டப் பட்டயமும் உண்டு. தொழிற்சாலை நல அலுவலர் பதவிக்கு என்றே ஏற்கப்பட்ட படிப்புகள் இங்கே இருக்கின்றன. எம்.பி.ஏ. பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பதவிக்குப் போனால், தகுதி விதியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட வாய்ப்புண்டு. ஏற்கெனவே எம்.பி.ஏ. முடித்தவர்கள் மாலைப் பட்டயத்தைச் சேர்த்துக்கொள்வது நல்லது என்பது நம் கருத்து.

நல அலுவலர் எத்தனை பேருக்குத் தேவைப்படுவார் என்று கேட்பீர்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி 500 தொழிலாளர் இருந்தால் ஒருவரை நியமிக்க வேண்டியிருந்தது. 29 சட்டங்களைச் சேர்த்து உருவான நான்கு தொகுப்புச் சட்டங்களை மத்திய அரசு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் அந்த எண்ணிக்கை 250 ஆகக் குறைந்திருக்கிறது. எல்லாத் தொழிலாளருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இப்போது படிப்பவர்கள் பழைய கைடை வாங்கிவிடாதீர்கள். கல்லூரியில் எந்தச் சட்டத்தை நடத்துகிறார்கள் என்றே கேளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதன் தலைவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே தொழிற்சாலை என்றதும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், பெற்றோர்களே.

நம் மஹல்லாவில் எத்தனையோ பேர் ஒப்பந்த வேலையில் இருக்கிறார்கள். பி.எஃப். எண் என்ன என்று கேட்டால் "மேஸ்திரிக்குத் தெரியும்" என்பார்கள். இந்தப் படிப்பைப் படிக்கும் பிள்ளை முதல் பயிற்சியாகத் தன் வீட்டில் இருப்பவரின் சம்பளச் சீட்டைப் படித்துக் காட்டட்டும். சீட்டே இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்கட்டும்.

அரசுக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர டான்செட் எழுத வேண்டும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்றிதழ் கையில் இல்லாதவர்கள் இன்றே இ-சேவை மையத்துக்குப் போங்கள். கூட்டம் முடிந்ததும் சந்தேகம் இருப்பவர்கள் மதிப்பெண் பட்டியலோடு முன்வரிசைக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.